நடுவில் விட்ட இடம்

கூடத்தின் தரையில் ஒரு சாண் இடம்கூட வெறுமையாக இல்லை. சுவருக்குச் சுவர் கம்பளங்கள் விரிந்து கிடந்தன. கமலநாயகி சப்பாத்துகளைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றுவிட்டாள். பெட்டியோடு பின்னால் வந்த மகள் மிதுசா, "என்னம்மா, உள்ளுக்குப் போங்கோவன்," என்றாள். எப்படிப் போவது? காலடிக்கு நேரே ஒரு நரி சுருண்டு படுத்திருந்தது. அதன் ஒரு கண் பாதி திறந்திருந்தது. நரிக்கு அப்பால் ஒரு குளம், குளத்தின் மேல் சாம்பல் கம்பளியில் மழை. அதற்கும் அப்பால் யாரோ ஒருத்தியின் சமையல் மேசை, மேசை மேல் தோலுரித்த உருளைக்கிழங்குகள். அவள் எண்ணவில்லை, நாற்பது கிழங்காவது இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு நிறம். உருளைக்கிழங்குக்குள் இத்தனை மஞ்சள் இருக்கும் என்று, பத்தொன்பது வருடம் முதியோர் இல்லத்துக் குசினியில் கிழங்கு உரித்தவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

உயரமான ஒரு பெண், வெள்ளைத் தலைமுடியை ஆண்பிள்ளை போல ஒட்ட வெட்டியவள், கூடத்தின் மறுகரையில் இருந்து கையசைத்தாள். "மேலால் நடந்து வாருங்கள். நடப்பதற்குத்தானே செய்தது!"

கமலநாயகி திரும்பி மகளைப் பார்த்தாள். மிதுசா தலையாட்டினாள். அவள் நரியைச் சுற்றிக்கொண்டு, குளத்தின் ஓரத்தில் முதல் அடியை வைத்தாள். காலுறைக்குள்ளால் கம்பளி வளையங்கள் உள்ளங்காலில் தட்டுப்பட்டன. தனக்குப் பின்னால் கணவர் ஸ்ரீதரன் ஊன்றுகோலோடு இழுத்து இழுத்து வரும் சத்தம் கேட்கும் என்று காதைக் கொடுத்தாள். கேட்கவில்லை. கம்பளங்கள் அந்தச் சத்தத்தை விழுங்கிவிட்டன. இரண்டு வருடத்தில் முதன்முறையாக அவர் சத்தமில்லாமல் நடந்து வந்தார்.

ஜேர்மனியின் சவுவர்லாண்ட் மலைப்பக்கம், காட்டு விளிம்பில் இருந்த ஒரு பழைய விடுதி அது. ஒவ்வொரு ஒக்டோபரிலும் கம்பளம் இழைக்கிறவர்கள் ஐந்து நாள் முகாமுக்கு அங்கே கூடுவார்களாம். சட்டத்தில் சாக்குத்துணியை இழுத்துக் கட்டி, பழைய கம்பளி உடுப்புகளைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, அடியில் பிடித்த கீற்றைக் கொக்கியால் மேலே இழுத்து வளையம் வளையமாக நிறுத்துவது. ஒரு வளையம், அதன் பக்கத்தில் இன்னொன்று. அவ்வளவுதான் வேலை. ஸ்ரீதரனுக்குக் கைப்பயிற்சி கொடுக்க வந்த பெண்தான் முதலில் அந்தக் கொக்கியை அவர் இடக்கையில் வைத்தாள். பந்தை அமுக்கச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டவர், கொக்கியைக் கீழே வைக்கவில்லை. முகாமைப் பற்றிச் சொன்னதும் அந்தப் பெண்தான். பெயர் பதிந்தது, காரில் கொண்டுவந்து விட்டது எல்லாம் மிதுசா.

"அஞ்சு நாள்தானே அம்மா. ஏதும் எண்டால் போன் அடியுங்கோ."

"நானோ இவையோடை கதைக்கிறது?"

"வேறை ஆர்? நீங்கள்தான்."

அப்படிச் சொல்லிவிட்டுப் பிள்ளை போய்விட்டது.

கமலநாயகி ஜேர்மன்காரரின் டொச் மொழி பேசாதவள் இல்லை. குசினி டொச் அவளுக்குத் தெரியும். உப்பில்லாத சூப் யாருக்கு, சர்க்கரை வருத்தக்காரருக்கு எந்தத் தட்டு, மா முடிந்துவிட்டது, அடுப்பு சூடாகவில்லை. அதற்கு மேல் ஒரு வசனம் அவளுக்குத் தேவைப்பட்டதில்லை. ஸ்ரீதரனின் வாய் இரண்டு பேருக்கும் போதுமானதாக இருந்தது. இரண்டு பேருக்கு என்ன, ஹம் நகரத்தில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் அத்தனைக்கும் போதுமானதாக இருந்தது. கடிதம் வந்தால், பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டால், வைத்தியரிடம் போக டெர்மின் குறித்திருந்தால், "ஸ்ரீயண்ணையைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்பார்கள். கம்பித் தொழிற்சாலையில் முதலாளியோடு பேசுவதற்குத் தொழிலாளர்கள், ஜேர்மன்காரர் உட்பட, அவரைத்தான் தெரிந்தெடுத்தார்கள். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனைகள். ஒன்று எழுத, மற்றது படிவம் நிரப்ப வருகிறவருக்குக் கொடுக்க.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தை மாதக் காலையில் பாரிசவாதம் வந்தது. வலக்கையும் வலக்காலும் தளர்ந்தன. அவர் கண் விழித்தபோது டொச் போய்விட்டிருந்தது. முப்பத்தைந்து வருட மொழி, ஒரு சொல் மிச்சமில்லாமல். மற்றவர்கள் பேசினால் விளங்குகிறது, வாய்க்கு வருவதில்லை. பிறகு படித்த மொழி முதலில் போவது உண்டு என்று வைத்தியர் சொன்னாராம். மிஞ்சிய தமிழும் முழுதாக இல்லை. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஒரு பஸ் வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடலாம்.

மறுநாள் காலையில் இருந்து நாட்கள் ஒன்றோடொன்று கலந்துபோயின. எழும்பினால் யன்னலுக்கு வெளியே மூடுபனி. மரங்கள் இருந்தன என்று நம்பத்தான் வேண்டும். கூடத்தில் கம்பளங்களைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்திவிட்டு, நீள மேசைகளைப் போட்டிருந்தார்கள். பன்னிரண்டு பெண்கள், ஸ்ரீதரன் ஒருவர்தான் ஆண். ஆளுக்கொரு கூடை நிறையக் கம்பளிக் கீற்றுகள். கொக்கி சாக்குத்துணியைத் துளைக்கும்போது 'ப்ரக்' என்று மெல்லிய ஒரு ஒலி. அத்தனை கொக்கிகளின் ஒலியும் சேர்ந்தால் தூரத்தில் ஆட்டுமந்தை எதையோ மென்றுகொண்டிருப்பது போலிருந்தது. கமலநாயகிக்கு அதைக் கேட்டுக்கொண்டிருக்க நித்திரை வந்தது. நித்திரையும் அல்ல. கண் திறந்திருக்கும், கோப்பி ஆறிப்போயிருக்கும், ஒரு மணித்தியாலம் போயிருக்கும்.

சும்மா இருக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கோப்பைகளைக் கழுவப் போனாள். முகாமை நடத்துகிற இங்ரிட் என்ற பெண் அவள் கையிலிருந்த கோப்பையை வாங்கி வைத்துவிட்டு, ஒரு சின்னச் சட்டத்தையும் கொக்கியையும் கொடுத்தாள். "இங்கே யாரும் விருந்தாளி இல்லை, யாரும் வேலைக்காரியும் இல்லை."

என்ன செய்வதென்று தெரியாமல் கையில் அகப்பட்ட ஊதாக் கீற்றுகளை இழுக்கத் தொடங்கினாள். அது நீண்டுகொண்டு போனது. ஒரு பக்கம் வீங்கியது. பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்து, "பிளம் பழம், எவ்வளவு அழகு!" என்றாள்.

"இல்லை, கத்தரிக்காய்," என்றாள் கமலநாயகி. சொன்ன பிறகுதான் அது கத்தரிக்காய் என்று அவளுக்கும் தெரிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

முதல் நாள் அவளைக் கூப்பிட்ட உயரமான பெண்ணின் பெயர் ரோஸ்விதா. முப்பத்தொரு வருடம் டோர்ட்முண்டில் பஸ் ஓட்டினவள். அவளுடைய கம்பளத்தை விரித்துக் காட்டச் சொல்லிக் கமலநாயகி இரண்டு தரம் கேட்டாள். முழுவதும் ஒரு பஸ்ஸின் முன்கண்ணாடி. வெளியே மழை. துடைப்பான் ஒருமுறை துடைத்துவிட்டுப் போன அரைவட்டத்துக்குள் மட்டும் தெரு தெளிவாகத் தெரிகிறது: சிவப்பு விளக்கு, குடைகள், ஒரு நாய். அரைவட்டத்துக்கு வெளியே எல்லாம் கரைந்து வழிகிறது. "இருபத்தெட்டு பேருடைய பழைய கோட்டுகள் இதில் இருக்கின்றன," என்றாள் ரோஸ்விதா. "பஸ்ஸில் மறந்துவிட்டுப் போனவை. ஒருவரும் தேடி வரவில்லை." கமலநாயகி குடைகளில் ஒன்றை விரலால் தடவினாள். அந்தத் துணிக்குள் யாரோ ஒருவர் வேலைக்குப் போய் வந்திருக்கிறார். அந்தத் தெருவில் ஏறி இறங்கியும் இருக்கலாம். "நல்ல வடிவு," என்று தமிழிலேயே சொன்னாள். ரோஸ்விதா அது என்ன என்று கேட்கவில்லை. "நன்றி," என்றாள்.

இன்னொரு மேசையில் அக்காவும் தங்கையும் இருந்தார்கள். ஒரே கம்பளத்தை ஆளுக்கொரு முனையில் தொடங்கி நடுவே சந்திப்பதாக ஏற்பாடு. நடுவில் வந்தபோது கோடுகள் அரைக் கையளவு பொருந்தவில்லை. அதில் சண்டை. மூன்று வருடமாகப் பேச்சில்லை. ஆனாலும் வருடா வருடம் இங்கே ஒன்றாக வந்து, ஒரே கம்பளத்தின் இரண்டு பக்கமும் இருந்து வெளி விளிம்பைப் பெருப்பித்துக்கொண்டே போகிறார்களாம். அது இப்போது ஒரு அறைக்கும் கொள்ளாது. பொருந்தாத அந்தக் கோட்டைப் பார்க்கக் கமலநாயகிக்கு ஏனோ அதுதான் அந்தக் கம்பளத்தில் உயிருள்ள இடம் என்று பட்டது. சொல்வதற்கு டொச் வரவில்லை. விரலை வைத்துக் காட்டிவிட்டு வந்தாள்.

ஸ்ரீதரன் வீட்டிலேயே தொடங்கியிருந்த பெரிய சட்டத்தைக் கொண்டுவந்திருந்தார். எட்டு மாதமாக அதில்தான் இருக்கிறார். முழுவதும் வெள்ளை. ஒரு வெள்ளை அல்ல, பல வெள்ளைகள். பால் நிறம், எலும்பு நிறம், நீலம் பிடித்த வெள்ளை, கழுவிக் கழுவிப் பழுத்த வெள்ளை. அவை மடிப்பு மடிப்பாக ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்துக்குப் போயின. அவற்றின் ஓரத்தில் மட்டும் சுண்டுவிரல் அகலத்தில் ஒரு மஞ்சள் கரை. நடுவில், உள்ளங்கை கொள்ளும் ஒரு முட்டை வடிவத்தை இழைக்காமல் வெறும் சாக்குத்துணியாக விட்டிருந்தார். வீட்டில் ஒருநாள், "இதென்ன, ஓட்டையோ?" என்று கமலநாயகி கேட்டாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல் வரவில்லை என்று அவள் விட்டுவிட்டாள்.

பெண்கள் அதைச் சுற்றி நின்று பார்த்தார்கள். "பனி," என்றாள் ஒருத்தி. "பனிக்காலம் முடிகிற நேரம். மஞ்சள், கடுகு வயல்." "நடுவில் இருப்பது குளம்," என்றாள் இன்னொருத்தி. "இன்னும் உறையாத குளம்." இங்ரிட் குனிந்து அந்த வெள்ளைகளை வெகுநேரம் பார்த்தாள். "நான் நாற்பது வருடம் சித்திரம் படிப்பித்தேன். வெள்ளையை இப்படிப் பார்க்க எனக்குத் தெரியாது." கமலநாயகி அதைக் கணவருக்குத் தமிழில் சொன்னாள். அவருக்கு ஏற்கனவே விளங்கியிருந்தது. இடப்பக்க உதடு மட்டும் சிரித்தது. அவளுக்குப் பெருமையாக இருந்தது. ஒரு காலத்தில் அவர் பேசிவிட்டு அமரும்போது கைதட்டுவார்களே, அந்தப் பழைய பெருமை.

நான்காம் நாள் மத்தியானச் சாப்பாட்டில் ரோஸ்விதா கேட்டாள், "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?"

"ஒன்று," என்றாள் கமலநாயகி. எப்போதும் சொல்வதுதான். பாண் துண்டொன்றை எடுத்துக் கடித்தாள்.

மிதுசாவுக்கு முன் ஒன்று இருந்தது. தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு மாசி மாதம், எட்டாம் மாதத்தில் வயிற்றுக்குள் அசைவு நின்றுபோனது. ஒரு பகலும் ஒரு இரவும் நோக்காடு. பெற்றபின் அறையில் அழுகைச் சத்தம் இல்லை. வெள்ளி நிறத் தலைமுடியோடு ஒரு பெண் வைத்தியர் வந்து கட்டிலருகே குனிந்தார். கமலநாயகியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, நீளமாக ஏதோ சொன்னார். நாட்டுக்கு வந்து ஒரு வருடம்தான். அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவள் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீதரன் பதிலுக்கு ஏதோ சுருக்கமாகச் சொன்னார். பிறகு அவளிடம் திரும்பி, "பாக்கக் கூடாதாம், கமலம். இஞ்சத்தைச் சட்டமாம்," என்றார்.

அன்றில் இருந்து அந்த வெள்ளித் தலையை அவள் மன்னிக்கவில்லை. பெற்றவளைப் பார்க்க விடாத சட்டம் எந்த நாட்டில் உண்டு? அதை எழுதினவளே அந்த வைத்தியர்தான் என்பது போல அவளைத் திட்டினாள். மனதுக்குள் நாள் தவறாமல், சிலவேளை ஸ்ரீதரன் காதுபடவும். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு சனிக்கிழமைச் சந்தையில், லீக்ஸ் கட்டொன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த வைத்தியர் எதிரே வந்தார். அடையாளம் கண்டு, முகம் மலர்ந்து, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு கிட்ட வந்தார். கமலநாயகி முகத்தைத் திருப்பிக்கொண்டு மிதுசாவை இழுத்தபடி விறுவிறு என்று நடந்தாள். நீட்டிய கைகள் என்ன ஆயின என்று திரும்பிப் பார்க்கவில்லை. அதற்காக ஒருநாளும் வருந்தியதும் இல்லை.

நான்காம் நாள் பின்னேரம் எல்லோரும் தங்கள் கம்பளத்தைப் பற்றி ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். முகாமின் வழக்கம் அது. மேசைகளை ஒதுக்கிக் கதிரைகளை வட்டமாகப் போட்டார்கள். அன்றைக்குத்தான் பனி சற்று விலகி, யன்னலால் வெளிச்சம் வந்தது. உருளைக்கிழங்குக்காரி தன் தாயின் மேலங்கிகளைப் பற்றிச் சொன்னாள். அக்காவும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே கதையைப் பாதி பாதியாகச் சொன்னார்கள். கமலநாயகி தன் முறை வந்தபோது எழுந்து நின்று, "கத்தரிக்காய். நான் சமைப்பது. முதல் தரம் சமைக்காமல் செய்தேன்," என்றாள். கைதட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின பிள்ளை மாதிரி அவள் முகம் சூடானது.

பிறகு ஸ்ரீதரன். இங்ரிட், "அவர் சொல்ல விரும்பாவிட்டால் பரவாயில்லை," என்றாள். ஆனால் அவர் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்துவிட்டார். கமலநாயகி பக்கத்தில் போய் நின்றாள்.

"நீர்... சொல்லும். இவையளுக்கு," என்றார்.

"நீங்கள் சொல்லுங்கோ. நான் டொச்சிலை சொல்லுறன்."

பன்னிரண்டு முகங்களும் காத்திருந்தன. அவர் தன் வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர்க் குழாய் எங்கோ அடைபட்டுச் சொட்டுவது போலச் சொற்கள் வந்தன.

"இது... துவாய்."

"துவாய் என்கிறார்," என்றாள் டொச்சில். "குளித்துத் துடைக்கும் துணி." யாரோ மெல்லச் சிரித்தார்கள். பனியும் கடுகு வயலும் இல்லையாம், துவாயாம்.

"ஆஸ்பத்திரித் துவாய். மஞ்சள்... கரை." இடக்கை எழுந்து அந்தச் சாக்குத்துணி முட்டையின் மேல் நின்றது. தொடவில்லை. "பிள்ளையை... இதிலைதான்... சுத்தி வைச்சிருந்தவை."

அவள் வாய் திறந்தபடி இருந்தது. டொச் வரவில்லை.

"டொக்டர்... கேட்டவ. உம்மட்டை... கேட்டவ. பாக்கப்போறீரோ, தூக்கப்போறீரோ எண்டு." அவர் மூச்சு வாங்கினார். "நான்தான்... வேண்டாமெண்டனான். பிறகு... அங்காலை போய்... நான் தூக்கினனான். தனிய."

யன்னலுக்கு வெளியே ஏதோ பறவை கத்தியது. பெண்கள் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், அவர் சொன்னதை அவள் எப்போது தங்களுக்குத் தரப்போகிறாள் என்று. கமலநாயகி அவர்களைப் பார்த்தாள். ஒரு வசனம் நடுவில் நின்றுவிட்டால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. அந்தப் பக்கம் ஒருவர் காத்திருக்கிறார், இந்தப் பக்கம் ஒருவர் காத்திருக்கிறார், நடுவில் நிற்பவர் எதையும் சொல்லலாம். முப்பத்திரண்டு வருடத்துக்கு முன் அந்தக் கட்டிலருகே ஸ்ரீதரன் நின்ற இடம் இதுதான்.

"ஒரு நிமிடம்," என்றாள் டொச்சில். சப்பாத்தும் போடாமல் வெளியே போனாள்.

படிகள் ஈரமாக இருந்தன. காட்டு விளிம்பில் பனி, பஞ்சு பிரித்துப் போட்டது போலத் துண்டு துண்டாக நின்றது. அவள் ஒன்றையும் யோசிக்கவில்லை. நீட்டிய இரண்டு கைகள்தான் கண்ணுக்குள் வந்தன. அந்த வைத்தியர் அன்று சந்தையில் என்ன சொல்ல வந்திருப்பார்? அவர் இப்போது உயிரோடு இருக்கிறாரோ? இருந்தால் தொண்ணூறு வயதாவது இருக்கும். கமலநாயகி வேலை பார்த்த இல்லம் போல ஏதோ ஒரு இல்லத்தில், உப்பில்லாத சூப் குடித்துக்கொண்டிருப்பாரோ? எத்தனை திட்டு. நாள் தவறாமல். அத்தனையும் போய்ச் சேர்ந்த இடம் தவறு. அவளுக்கு நெஞ்சு எரிந்தது. அந்த எரிச்சலை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. உள்ளே நிற்கிற மனிதரிடமா? ஒரு கால் இழுக்க, வாய் கோண, எட்டு மாதம் இடக்கையால் வெள்ளை வெள்ளையாக இழுத்துக்கொண்டிருந்த அந்த மனிதரிடமா?

ரோஸ்விதா வந்து ஒரு கோட்டைத் தோளில் போட்டாள். பக்கத்தில் நின்று தானும் காட்டைப் பார்த்தாள்.

"கெட்ட செய்தியா?" என்றாள் கொஞ்சம் பொறுத்து.

"பழைய செய்தி," என்றாள் கமலநாயகி. "இப்போதுதான் வந்தது."

ரோஸ்விதா தலையை ஆட்டினாள். "உங்கள் கால் நனைந்துவிட்டது," என்று மட்டும் சொன்னாள்.

அவர்கள் திரும்பி வந்தபோது யாரும் கலைந்திருக்கவில்லை. ஸ்ரீதரன் இன்னும் நின்றுகொண்டிருந்தார். இருக்கச் சொல்லி யாரோ கொண்டுவந்து வைத்த கதிரை பின்னால் வெறுமையாக இருந்தது. கமலநாயகி நேரே போய் அவர் முன்னால் நின்றாள். அங்கே தமிழ் விளங்குகிறவர் வேறு எவரும் இல்லை. அதனால் குரலைத் தாழ்த்தவில்லை.

"அந்த மனுசியை நான் எவ்வளவு திட்டினனான் தெரியுமே உங்களுக்கு?"

"ஓம்."

"தெரிஞ்சும் பேசாமல் இருந்தனீங்கள்."

"ஓம்."

"ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

அவர் தாடை அசைந்தது, சொல் வராமல் திரும்பிப் போனது, மறுபடி வந்தது. "நீர்... பாத்தால்... செத்துப்போவீர் எண்டு... பயந்தனான்."

"பிறகு? மிதுசா பிறந்தாப் பிறகு? இவ்வளவு காலம்?"

"பிறகு... ஏலாமல் போச்சு, கமலம்." கண்ணீர் வழிந்தது. வலப்பக்கத்துக் கன்னத்தில் அது வழிவதை அவர் உணரவில்லை, துடைக்கவும் இல்லை. "வாய் இருக்கேக்கை... ஏலேல்லை."

அவள் அந்தக் கன்னத்தைத் துடைத்துவிடவில்லை. மன்னித்தேன் என்று சொல்லவும் இல்லை. அந்தச் சொல் அவளிடம் இருந்ததோ என்னவோ, அப்போது கைக்கு எட்டவில்லை. அவள் பெண்களின் பக்கம் திரும்பினாள். தனக்குத் தெரிந்த டொச்சை எடுத்து ஒவ்வொன்றாக வைத்தாள்.

"இது எங்கள் முதல் பிள்ளை. பெண் பிள்ளை. உயிரோடு பிறக்கவில்லை. இது பிள்ளையைச் சுற்றிய துணி. இவர் பார்த்தார். நான் பார்க்கவில்லை." நின்றாள். இன்னும் ஒன்று மிஞ்சியிருந்தது. "மத்தியானம் ஒன்று என்று சொன்னேன். எனக்கு இரண்டு பிள்ளைகள்."

உருளைக்கிழங்குக்காரி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முகாமில் அவர்கள் கைதட்டாமல் விட்டது அது ஒன்றுக்குத்தான்.

கமலநாயகி கதிரையை இழுத்து, ஸ்ரீதரனின் தோளைப் பிடித்து இருத்தினாள். தானும் பக்கத்தில் ஒன்றைப் போட்டு, அந்தச் சட்டத்தைத் தன் மடியில் பாதியும் அவர் மடியில் பாதியுமாக வைத்தாள். நடுவில் விட்டிருந்த சாக்குத்துணியில் விரல்களை வைத்தாள். சொரசொரவென்று இருந்தது.

"தலைமயிர் இருந்ததோ?" என்றாள்.

"ஓம்." அவர் முகம் வேறு எங்கோ போய்விட்டது. "நிறைய. நெத்தி வரைக்கும்."

"கறுப்போ?"

அவர் தலையை ஆட்டினார். இல்லையென்றா ஆமென்றா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் சொல்லத்தான் முயன்றார். "கறுப்பு... இல்லை. ஈரம். வெளிச்சத்திலை..." சொல் வரவில்லை. இடக்கை குனிந்து கூடைக்குள் போனது. ஒரு கறுப்புக் கீற்றை எடுத்து யன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். இல்லை. வேறொன்று, கபிலம். இல்லை. அவருடைய கூடையில் வெள்ளைதான் அதிகம். இருண்ட நிறங்கள் ஏழெட்டுத்தான் இருந்தன. எல்லாம் முடிந்துபோக, கையைக் கூடைக்குள்ளேயே வைத்துக்கொண்டு இருந்தார்.

முதலில் எழுந்தது ரோஸ்விதா. தன் கூடையைக் கிளறி, இருபத்தெட்டுக் கோட்டுகளில் மிஞ்சிய இருண்ட கீற்றுகளைப் பிடியாக அள்ளிக் கொண்டுவந்து அவர் முழங்காலில் வைத்தாள். பிறகு இங்ரிட். பிறகு உருளைக்கிழங்குக்காரி. அக்காவும் தங்கையும் இரண்டு பக்கத்தில் இருந்து வந்து, ஒருவர் கொண்டுவந்ததன் மேல் மற்றவர் வைத்தார்கள். மையிருட்டு, கரி, கோப்பிக்கொட்டை, மழையில் நனைந்த பட்டை, செம்மை ஊறிய கறுப்பு. அவற்றுக்குப் பெயர் கேட்டால் கமலநாயகிக்கு எந்த மொழியிலும் தெரிந்திராது. ஸ்ரீதரன் ஒவ்வொன்றாக எடுத்தார். யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார், கண்ணைச் சுருக்கினார், கீழே வைத்தார். ஒன்றை எடுத்து நெடுநேரம் பார்த்தார். அதை மெல்லக் கொண்டுவந்து மனைவியின் காதோரம், நரை தொடங்கும் இடத்தில், வைத்துப் பார்த்தார். அவள் அசையாமல் இருந்தாள். அவர் தலையை ஒருமுறை சாய்த்து, பின் இல்லையென்று அசைத்துவிட்டு, அடுத்ததை எடுத்தார்.